கூடுதல்: ஒன்று

நுழைவுச்சீட்டு பத்து ரூபாய்.
பள்ளிப் பிள்ளைகளுக்கு இரண்டு.
செருப்பை வெளியே விடவும்.
எதையும் தொட வேண்டாம்.

இவ்வளவும் பலகையில் இருக்கிறது.
பலகையில் இல்லாதவள் நான், டில்லிராணி.
சீட்டுக் கிழிப்பேன், பெருக்குவேன்,
திங்கட்கிழமை ஒட்டடை அடிப்பேன்.
யாராவது கேட்டால் கதையும் சொல்வேன்.

வீரையா சேர்வை
ரங்கூனில் கப்பல் ஏறியபோது
சோதனையில் பிடுங்கியது போக மிஞ்சியது
இந்த எனாமல் கேரியர்.
நாலு அடுக்கு.
மூன்றாவதில் சோறில்லை,
கைப்பிடி கழற்றிய கொத்துக்கரண்டி.

வியாசர்பாடியில் மனை கிடைத்தது,
கடன் கிடைத்தது.
கடன் மொத்தத்தையும் அவர்
மண்ணுக்குள்ளேயே போட்டார்.
ஆறு படி உயரத்துக்கு அடித்தளம்,
அதன்மேல் மூன்று வருஷம் வெறும் தார்ப்பாய்.
வீட்டுக்குப் படியா, படிக்கு வீடா என்று
தெரு சிரித்ததாம்.
அவர் பதில் சொன்னதாக
எந்தக் காகிதத்திலும் இல்லை.
அதனால் ஹெப்சிபா மேடம்
வாசல் அட்டையில் எழுதி வைத்தார்:
'அடித்தளம் உயர்ந்திருப்பதற்குக்
காரணம் தெரியவில்லை.'

கார்த்திகையில் ஒரு ராத்திரி
கேப்டன் காட்டன் கால்வாய்
தெருவுக்குள் திரும்பியது.
முதலில் கரண்ட் போனது. பிறகு தவளைச் சத்தம்.
பிறகு கதவில் தட்டல்.
சாவி என்னிடம் இருந்தது.

ஆட்டோ பேட்டரியைத் தலையில் தூக்கிக்கொண்டு கோதண்டம்.
ரேஷன் அரிசி, ஒரு ஆடு,
அடுத்த தெரு மெக்கானிக், அவன் மாமியார்,
மஞ்சள் காமாலைக்காரர் கையில்
ஏறிக்கொண்டே இருந்த சலைன் பாட்டில்.
அதை மாட்ட ஆணி வேண்டும்.
வீரையாவின் படத்தை இறக்கித்
திரும்பி நிற்காதபடி சாய்த்து வைத்தேன்.

கண்ணாடிப் பெட்டியைத் திறந்ததும் நான்தான்.
நனைந்த நாலு ஆண்கள்
வரிசை எண் 88 முதல் 91 வரை
பர்மா லுங்கி கட்டிக்கொண்டு
கூச்சத்தோடு உட்கார்ந்திருந்தார்கள்.
தடுப்புக் கயிற்றில் பாவாடைகள் காய்ந்தன.
எண் 17, மண்ணெண்ணெய் அடுப்பு,
மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது.
எதிர் மாடிக்காரர்கள் விட்ட கயிற்றில்
கேரியர் போனது, உப்புமாவோடு.
காலியாக வந்தது.
மறுபடி போனது.

'அக்கா, சீட்டு வேணாவா?' என்றான் ஒரு பையன்,
எண் 5, மரக்கட்டிலுக்கு அடியிலிருந்து.
தூங்குடா என்றேன்.

தண்ணீர் ஐந்தாம் படி வரை வந்தது.
ஆறாவதில்
ஆடு படுத்திருந்தது.

மூன்றாம் நாள் மேடம் வந்தார்,
பேண்ட்டை முழங்கால் வரை மடித்து,
பதிவேட்டைப் பாலிதீன் பையில் சுற்றி.
எண்ணினோம்.
கேரியரில் புதிதாக ஒரு நெளிவு.
லுங்கிகள் துவைத்து, மடித்து,
ரின் சோப்பு வாசனையோடு.
இருநூற்றுப் பன்னிரண்டும் இருந்தது.
ஒன்று கூடுதல்:
எவர்சில்வர் டம்ளர்,
புள்ளி குத்திய எழுத்து ச. பூ.
தெரு முழுக்கக் காட்டினேன்.
எங்களோடது இல்லை என்றார்கள்.

வருகையாளர் எத்தனை என்று கேட்டார் மேடம்.
நாற்பத்தேழு.
வசூல்?
நான் ஆட்டுப் புழுக்கையைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.
அவரும் மறுபடி கேட்கவில்லை.
பதிவேட்டில் 213 என்று எழுதி
டம்ளரை அடுப்புப் பக்கத்தில் வைத்தார்.

வாசல் அட்டை மாறவில்லை.
போன வாரம் பள்ளிக்கூடத்தோடு வந்த அந்தப் பையன்
'காரணம் தெரியவில்லை' என்று
உரக்கப் படித்துவிட்டு
விழுந்து விழுந்து சிரித்தான்.
டீச்சர் தலையில் குட்டினார்.

நேற்று மத்தியானம் ஒரு பெண்,
இந்தத் தெரு முகம் இல்லை,
நூறு ரூபாய்த் தாளை நீட்டி
ஒரு சீட்டு வாங்கினாள்.
கட்டிலைப் பார்க்கவில்லை. படத்தைப் பார்க்கவில்லை.
213-க்கு முன்னால் நின்றாள்.
தொடவில்லை.

பெயர் கேட்டிருக்கலாம்.
தொண்ணூறு ரூபாய் மீதிக்கு
நான் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தேன்.